எதை எழுதுவது?

(சிங்கப்பூர், சிராங்கூன் ரோடு வட்டாரத்தில் கூடிய வாசகர் கூட்டத்தில், தோட்டக் கிராணியும் தொழிற்சங்க ஊழியருமான அன்பர் ஒருவர் ஆற்றிய உரை)



பத்திரிகைக்கு எதை எழுதுவது என்பது பற்றிப் பேசும்படி நம்மைப் பணித்திருக்கிறார்கள். எப்படி எழுதுவது என்று சொல்லிக்கொடுக்கப் புலவர் பெருமக்கள் இருக்கிறார்கள். பிழை திருத்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால், வேலை முடிந்து, சோறுண்டு, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுப் பேனாவைத் திறக்கும் தொழிலாளி முதலில் தடுக்கி விழுவது இலக்கணத்தில் அல்ல, பொருளில்தான். "எழுத ஆசை இருக்கிறது ஐயா, எதைப் பற்றி எழுதுவதென்றுதான் தெரியவில்லை" என்பதே நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு.

தொழிலாளர்கள் எழுதியனுப்பும் கட்டுரைகளைப் படிக்கும் வாய்ப்பு நமக்கு ஓரளவு உண்டு. தமிழின் தொன்மை, தாயின் பெருமை, ஒற்றுமையே பலம், காலம் பொன் போன்றது - இப்படித்தான் பெரும்பாலும் தலைப்புகள் வருகின்றன. இவை தவறான பொருள்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் ஒரு சோதனை செய்து பாருங்கள். எழுதியவர் பெயரையும் ஊரையும் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். அதை எழுதியவர் ஜொகூரில் பால்மரம் வெட்டுபவரா, தஞ்சாவூரில் பள்ளி நடத்துபவரா என்று கண்டுபிடிக்க முடிகிறதா? முடியாது. யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கக்கூடிய கட்டுரையை, நாம் ஏன் கண் விழித்து எழுத வேண்டும்?

"காலம் பொன் போன்றது" என்று எழுதிய அதே தோழர், விடியுமுன் எழுந்து பிரட்டுக்குப் போகிறவர். ஏன் அவ்வளவு அதிகாலையில் மரம் வெட்ட வேண்டும்? வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். இருட்டோடு வெட்டினால்தான் மங்கு நிறையும். தாமதமாகும் ஒவ்வொரு நாழிகையும் வாளியில் குறைகிறது. வாளியில் குறைவது கூலியில் குறைகிறது. காலத்தின் அருமையை இவரைவிட அறிந்தவர் உலகில் யார்? ஆனால் இந்த உண்மைகளில் ஒன்றுகூட அவருடைய கட்டுரையில் இல்லை! தம் கையிலிருந்த சரக்கை வீட்டில் வைத்துவிட்டு, ஊரார் சரக்கை இரவல் வாங்கி வந்து கடை போட்டுவிட்டார்.

ஆகவே நாம் இன்று வற்புறுத்த விரும்புவது ஒன்றே ஒன்றுதான். நம் கைக்கு எட்டுகிற, நாம் அளவறிந்த, சிறிய பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது.

தோழர்களே! இது நாம் புதிதாகக் கண்டுபிடித்த வித்தையல்ல. இந்தச் சிங்கப்பூர்த் தமிழ்ப் பத்திரிகைகளின் வரலாறே இதற்குச் சான்று. 1887ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் 'சிங்கை நேசன்' என்னும் வார ஏடு இங்கே வெளிவரத் தொடங்கியது. நடத்தியவர் சி. கு. மகுதூம் சாயபு அவர்கள். அதில் 1888இல் அவர் 'வினோத சம்பாஷணை' என்ற உரையாடல்களை எழுதினார். தூரதேசத்து ராஜாராணி கதையை அவர் தேடிப் போகவில்லை. இந்த ஊரில் நடமாடும் மனிதர்கள் பேசிக்கொள்வதுபோல் எழுதினார். சிங்கப்பூர்த் தமிழ்ச் சிறுகதையின் தொடக்கம் அதுவே என்று பிற்காலத்தில் ஆராய்ந்து கூறினார் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி அவர்கள். தெருவிலே கேட்ட பேச்சு, இலக்கிய வரலாற்றில் இடம்பிடித்துவிட்டது பாருங்கள்!

அடுத்து, 'தமிழவேள்' என்று நாம் போற்றும் கோ. சாரங்கபாணி அவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1924இல் திருவாரூரிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த அந்த இளைஞர் முதலில் பார்த்தது கணக்கு எழுதும் வேலை. ஆம், கிராணி நண்பர்களே, நம் இனந்தான்! பேரேடு புரட்டிய கைதான் 1935இல் 'தமிழ் முரசு' பத்திரிகையைத் தொடங்கியது. அந்தப் பத்திரிகை எடுத்துக்கொண்ட பொருள்களைக் கவனியுங்கள். 1957இல் சிங்கப்பூரில் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, தகுதியுள்ள தமிழர்கள் பதிந்துகொள்ள வேண்டுமென்று முரசு ஓயாது எழுதியது. சாரங்கபாணி அவர்களும் மக்களிடையே அதற்காகப் பாடுபட்டார். "நாடும் நாமும்" என்று பொதுப்படையாக உபதேசம் செய்து நிறுத்தியிருந்தால் கைதட்டு கிடைத்திருக்கும், அவ்வளவே. "பதிந்துகொள்" என்று எழுதியதனால், படித்தவர் எழுந்து செய்யவேண்டிய காரியம் ஒன்று அவர் முன்னே நின்றது. பலருடைய பிள்ளைகளின் எதிர்காலம் அந்த ஒரு காரியத்தைப் பொறுத்திருந்தது.

1950களில் அதே முரசில் 'மாணவர் மணிமன்றம்' என்ற பகுதி வந்தது. பள்ளிப் பிள்ளைகள் எழுதிப் பழகினார்கள்; பலர் பிற்காலத்தில் எழுத்தாளர்களானார்கள். அக்கரையில், கோலாலம்பூரிலிருந்து வெளிவந்த 'தமிழ் நேசன்' நாளிதழில், 1950ஆம் ஆண்டையொட்டிச் சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் இருவரும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். 1924இல் தொடங்கிய நேசன் 2019இல் நின்றுவிட்டது. ஆனால் அந்த வகுப்பில் பழகிய கைகள் மலேசியத் தமிழ் எழுத்தையே வளர்த்தன.

இனி, சிறிய பொருளுக்குள் பெரிய பொருள் எப்படி அடங்கும் என்று கேட்பீர்கள். ஓர் உதாரணம் சொல்கிறோம்.

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மாபெரும் வேலைநிறுத்தம் நடந்தது. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான ஆர். எச். நாதன், 'தமிழ் நேசன்' ஆசிரியர் குழுவில் வேலை பார்த்தவர். அரசாங்கம் அவரைக் கைது செய்து நாடு கடத்தியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். அந்தத் தொழிலாளர்களின் கோரிக்கைகளில் சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி இருந்தது. கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பது இருந்தது. பிள்ளைகளுக்குப் படிப்பு, நோயாளிக்கு மருத்துவ வசதி இருந்தன. இவற்றோடு இன்னொன்றும் இருந்தது: துரையோ, தோட்டச் சிப்பந்திகளோ எதிர்ப்பட்டால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும்!

"மனித சமத்துவம்" என்று ஒருவர் பத்துப் பக்கம் எழுதலாம். "சைக்கிளை விட்டு ஏன் இறங்க வேண்டும்?" என்று இன்னொருவர் ஒரு பக்கம் எழுதலாம். எது நெஞ்சில் தைக்கும்? சைக்கிள் ஓட்டிய ஒவ்வொருவனுக்கும் அந்த ஒரு பக்கம் புரியும். சமத்துவம் என்ற பெரிய சொல், அந்த இரண்டு சக்கரத்தின்மீது ஏறி லயத்து வாசலுக்கே வந்துவிடும்.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. தொழிலாளியை இறங்க வைத்தவர்கள் வெள்ளைக்காரத் துரைகள் மட்டுமல்லர். நம் கிராணிமார்களும் அதில் சேர்ந்தவர்களே. கிராணிகள் இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை, மறைத்தால்தான் வெட்கம். பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது, நம் பக்கத்துக்கு வசதியில்லாத உண்மையைத் தள்ளிவிட்டு, பிறர் குற்றத்தை மட்டும் பொறுக்கியெடுத்தால் அது கட்டுரையாகாது, வக்கீல் நோட்டீசாகும்.

சிறிய பொருள் என்றால் அற்பப் பொருள் என்று எண்ணிவிடாதீர்கள். நம் தொழிலிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. 1877இல் இந்தச் சிங்கப்பூர்ப் பூமலைக்கு - தாவரவியல் தோட்டத்துக்கு - 22 ரப்பர் கன்றுகள் வந்து சேர்ந்தன. 1888இல் அத்தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ரிட்லி என்ற ஆங்கிலேயர், பார்க்கும் தோட்டக்காரரிடமெல்லாம் ரப்பர் விதைகளைக் கொடுத்து நடச் சொன்னார். 'பைத்தியக்கார ரிட்லி' என்று அவரைக் கேலி செய்தார்கள். அவர் ஆராய்ந்தது என்ன? மரத்தைக் கோடரியால் கொத்திக் காயப்படுத்தாமல், பட்டையை மெல்லியதாகச் சீவி, மறுமுறையும் அதே கோட்டின் ஓரத்தைச் சீவினால் பால் நன்றாக வருகிறது. மரமும் பிழைக்கிறது என்பதைத்தான். அந்த ஒரு மெல்லிய சீவலின்மேல் ஒரு தொழில் எழுந்தது. நம் பாட்டன் பாட்டிமார் கப்பலேறி வந்ததும் அத்தொழிலுக்காகவே.

எழுத்தும் அவ்வாறே. பத்து மரத்தில் கண்டபடி கொத்துகிறவனுக்குப் பால் கிடைக்காது. ஒரே கோட்டில், ஆழமறிந்து சீவுகிறவனுக்கே கிடைக்கும்.

சரி, பொருளை எப்படித் தேர்ந்தெடுப்பது? ஸ்டோரில் பாலை வடிகட்டுவதுபோல், நினைவுக்கு வரும் பொருளை மூன்று கேள்விகளில் வடிகட்டுங்கள்.

முதல் கேள்வி: இதில் எனக்கு நேரே தெரிந்தது என்ன? செய்தித்தாளில் படித்ததையும் கூட்டத்தில் கேட்டதையும் கழித்துவிட்டு, கண்ணால் கண்டதும் கையால் செய்ததும் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். ஒன்றும் மிஞ்சவில்லையானால் அந்தப் பொருள் உங்களுடையதல்ல; உரியவருக்கு விட்டுவிடுங்கள்.

இரண்டாம் கேள்வி: இதைப் படிக்கப்போகிறவர் யார்? அவருக்கு இதனால் என்ன? "எல்லாருக்கும் பயன்படும்" என்பது பதிலாகாது. புதிதாக மரம் வெட்டப் பழகும் பெண்ணுக்கு, சம்பளச் சீட்டைப் படிக்கத் தெரியாத பெரியவருக்கு என்று ஒரு முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் கேள்வி: இது ஒரு பக்கத்துக்குள் அடங்குமா? அடங்காதென்றால் பொருள் பெரிதாக இருக்கிறது. அதை வெட்டிச் சிறிதாக்குங்கள்.

இப்படி வடிகட்டிப் பார்ப்போம். ஒரு தோழர் "தொழிலாளர் பிரச்சினைகள்" என்று எழுத நினைக்கிறார். அடங்குமா? அடங்காது. "கூலிப் பிரச்சினை"? அதுவும் பெரிது. "மழை நாளில் கூலி" - இப்போது பொருள் கைக்கு வந்துவிட்டது. பட்டை ஈரமாக இருந்தால் பால் கோட்டில் ஓடாது. பட்டையெங்கும் பரவி வழிந்து வீணாகும். ஆகவே மழையில் மரம் வெட்டுவதில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஒரு மாதத்தில் எத்தனை நாள் வெட்டு நின்றது? அந்த நாட்களுக்கு என்ன கிடைத்தது? ஒப்பந்தம் என்ன சொல்கிறது? அந்த மாதம் கடைப்பற்று எவ்வளவு ஏறியது? நாலு கேள்வி, நாலு பதில், கட்டுரை முடிந்தது. வானத்தைத் திட்டவும் வேண்டாம். நிர்வாகத்தை ஏசவும் வேண்டாம். எண்களே பேசும்.

இங்கேதான் கிராணியும் வெட்டுத் தொழிலாளியும் ஒன்றுசேர வேண்டும் என்கிறோம். கணக்கைப் படிக்கத் தெரிந்தவர் கிராணி; மரத்தடியில் நடந்ததை அறிந்தவர் தொழிலாளி. இருவரும் ஒரு மாலை வேளை பக்கத்தில் உட்கார்ந்தால், எந்தப் பட்டணத்து எழுத்தாளராலும் எழுத முடியாத கட்டுரை பிறக்கும். ஆனால் ஓர் எச்சரிக்கை. ஆபீஸ் பேரேட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு வரக்கூடாது. அது வேலைக்கும் கேடு, நாணயத்துக்கும் கேடு. தொழிலாளியின் சம்பளச் சீட்டு தொழிலாளியின் சொத்து. அவர் விரும்பிக் காட்டினால் அதுவே போதும்.

இனி, நாம் இப்போது கூடியிருக்கும் இந்தச் சிராங்கூன் ரோட்டையே பாருங்கள். 2013ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை இரவு, பக்கத்து ரேஸ்கோர்ஸ் ரோட்டில் தமிழ்நாட்டுக் கட்டுமானத் தொழிலாளி ஒருவர் பேருந்துச் சக்கரத்தில் சிக்கி மாண்டார். அதையொட்டிக் கலவரம் மூண்டது. உலகப் பத்திரிகைகளெல்லாம் எழுதின. விசாரணைக் குழு அமைந்தது. 2015இல் மதுவிற்பனைக்குக் கட்டுப்பாட்டுச் சட்டமும் வந்தது. கலவரத்தைப் பற்றி எழுதியவர்கள் ஆயிரம் பேர். ஆனால் அந்தத் தொழிலாளிகளின் சாதாரண ஞாயிற்றுக்கிழமையை எழுதியவர்கள் எத்தனை பேர்? விடுதியிலிருந்து பேருந்தில் வந்து, ஊருக்குப் பணம் அனுப்பி, தேக்காவில் காய்கறி வாங்கி, ஊர்க்காரனைக் கண்டு நாலு வார்த்தை பேசி, இரவு பேருந்துக்கு வரிசையில் நிற்கும் அந்த ஒரு நாளை எழுதத்தக்கவர் யார்? அவரேதான்! 2014இல் சிங்கப்பூரில் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கென்று கவிதைப் போட்டி தொடங்கியபோது, கட்டடம் கட்டும் கைகளும் வீட்டுவேலை செய்யும் கைகளும் எழுத முன்வந்தன. பிறர் அவர்களைப் பற்றி எழுதிய காலம் போய், அவர்களே எழுதும் காலம் வந்தது. நாமும் அந்த வரிசையில் நிற்க வேண்டியவர்களே.

காலம் கடத்தவும் நமக்கு உரிமையில்லை, தோழர்களே. இத்தீவின் வடபகுதியில், நீ சூன், செம்பவாங், மண்டாய் வட்டாரங்களில் ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நின்றன. நீ சூன் என்பது லிம் நீ சூன் என்ற ரப்பர், அன்னாசி வணிகரின் பெயர். இன்று அப்பெயர் ஈசூன் என்று மாறி, அடுக்குமாடி வீடுகள் எழுந்துவிட்டன. அங்கே மரம் வெட்டிய தமிழன் எந்த லயத்தில் இருந்தான், எந்தக் கிணற்றில் நீர் மொண்டான், எங்கே அம்மனுக்குப் பொங்கலிட்டான்? கண்டவர்கள் எழுதாமல் போனதெல்லாம் அவர்களோடு போயிற்று. அக்கரையிலும் அதே நிலை நெருங்குகிறது. ரப்பர்க் காடுகள் செம்பனைக் காடுகளாயின. சில வீடமைப்பு நிலங்களாயின. சயாம் மரண ரயில்பாதைக்கு ஜப்பானியர் கொண்டுசென்ற பல்லாயிரம் தோட்டத் தமிழர்களில், தம் கதையைத் தாமே எழுதியவர்களை விரல்விட்டு எண்ணலாம். அ. ரெங்கசாமி அவர்கள் 'நினைவுச் சின்னம்' என்னும் நாவலில் அத்துயரத்தைப் பதிவு செய்தார். எழுதப்படாமலே மறைந்த நினைவுகளோ கணக்கில் அடங்கா.

ஆகவே, எழுத ஒன்றுமில்லை என்று சொல்லும் இளைஞர் நாளைக் காலை தம் லயத்துப் பெரியவர் ஒருவரிடம் போய், ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும். "உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்" என்று கேட்கவேண்டாம், யாரும் சொல்லமாட்டார்கள். "நீங்கள் முதன்முதலில் வாங்கிய சம்பளம் எவ்வளவு தாத்தா? அதில் என்ன வாங்கினீர்கள்?" என்று கேளுங்கள். மீதியை அவரே சொல்வார்.

கடைசியாகச் சில வார்த்தைகள். சங்கத்துக்குக் கொடுக்கும் மனு வேறு. பத்திரிகைக்கு எழுதும் கட்டுரை வேறு. உங்கள் சொந்தக் குறையை முதலில் கிளைச் செயலாளரிடம் கொண்டுபோங்கள். அங்கே அதற்கு வழியுண்டு. கட்டுரைக்கு எடுக்கும் பொருள் உங்களைப் போன்ற நூறு பேருக்குப் பொதுவாக இருக்கட்டும். கேட்ட செய்தியை இன்னொருவரிடமும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அடுத்த வீட்டுப் பெண்ணின் கண்ணீர் எழுதத் தகுந்த பொருளாயிருக்கலாம். அவளைக் கேட்காமல் அதை எழுத நமக்கு உரிமையில்லை. வேலைக்கு ஆபத்து வருமென்றால் புனைபெயர் வைத்துக்கொள்ளுங்கள், அது கோழைத்தனமல்ல. ஆனால் புனைபெயருக்குப் பின்னே நின்று பொய் எழுதுவது கோழைத்தனம்.

அடுத்த மாதம் முடிவதற்குள் நீங்கள் ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். தலைப்பில் "பெருமை", "சிறப்பு", "பிரச்சினைகள்" என்ற சொற்கள் வேண்டாம். மழை நாள், சம்பளச் சீட்டு, ஆயாக் கொட்டகை, ஒட்டுப்பால், கடைப்பற்று, தண்ணீர்க் குழாய் - இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததும் அந்த வேலையைச் செய்கிற ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். "ஆமாம், இப்படித்தான்" என்று அவர் சொன்னால் தபாலில் சேருங்கள். "இல்லை, அப்படியல்ல" என்றால் அவரையே பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு திருத்துங்கள்.